ஊரடங்கு வருடத்தில் பெங்களூரிலிருந்து ஒரு நாள் பயணம்: எங்கே போனோம், எப்படிப் போனோம்

கேள்வி: 2020, 2021 ஊரடங்குக் காலத்தில் பெங்களூரில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் எங்கே போய் வந்தீர்கள்? கூட்டம் ஒத்துக்கொள்ளாத மாமியாரும் கைக்குழந்தையும் இருக்கும் எங்களுக்கு அந்த இடங்கள் இப்போதும் சரிப்படுமா?

சரிப்படும். உங்கள் வீட்டு நிலைமைக்கு அப்போது பழகிய ஊர்சுற்றல்தான் பொருத்தம் என்றே சொல்வேன். ஆனால் இடங்களின் பெயரை மட்டும் அடுக்கினால் பயனில்லை. ஏன் அங்கே போனோம் என்பதையும் சொன்னால்தான் உங்கள் வசதிக்கு ஏற்றபடி நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு நாள் பயணம் என்றால் வண்டி தானாகத் தெற்கே திரும்பும். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலை, கிருஷ்ணகிரி அணை, கொஞ்சம் துணிந்தால் ஒகேனக்கல், பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை. 2020 மார்ச் 25 ஊரடங்கோடு அந்த வழி அடைபட்டது. அத்திப்பள்ளியில் கர்நாடக போலீஸ், அந்தப் பக்கம் ஜூஜூவாடியில் தமிழ்நாட்டு போலீஸ். உள்ளே போக இ-பாஸ், திரும்பி வர சேவா சிந்து என்ற கர்நாடக அரசு இணையதளத்தில் பதிவு, வந்த பிறகு வீட்டுத் தனிமை. கர்நாடகம் தன் பக்கத்துக் கெடுபிடியை 2020 ஆகஸ்ட் 24 அன்று விலக்கிக்கொண்டது. தமிழ்நாட்டு இ-பாஸ் அதன் பிறகும் நீடித்தது. அக்கா வீடு ஓசூரில் இருந்தும் ஒரு மதியச் சாப்பாட்டுக்குக் கூடப் போக முடியாமல் தவித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தெற்கு மூடியதால் எங்கள் கண் வடக்கே நந்தி பக்கமும், கிழக்கே கோலார் பக்கமும், நகரத்துக்கு உள்ளேயும் திரும்பியது.

அப்போது இடத்தை முதலில் முடிவு செய்ய முடியாது. நிபந்தனைகளை எழுதி வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் அடங்கும் இடத்தைத் தேட வேண்டும். 2020 ஜூலையில் ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. ஜூலை 14 முதல் 22 வரை பெங்களூர் முழுவதும் மூடல். 2021 ஏப்ரல் 10 முதல் இரவு ஊரடங்கு, அதே மாதக் கடைசியில் மறுபடி முழு மூடல், ஜூன் 14-க்குப் பிறகுதான் படிப்படியாகத் தளர்வு. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களும் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அவசியமில்லாமல் வெளியே வர வேண்டாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொன்னது. அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் கூரையில்லாத இடம், ஆள் குறைந்த நேரம், வண்டியை விட்டு இறங்கினால் நூறு அடிக்குள் உட்காரத் திண்ணை அல்லது மரநிழல், இருட்டுவதற்குள் வீடு. இந்த நான்கும் பொருந்தாத இடத்தை, எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும், விட்டுவிட்டோம்.

வீட்டிலிருந்தே வேலை என்பதால் புதன், வியாழனில் அரை நாள் விடுப்பு எடுப்பது சுலபமாக இருந்தது. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு அறுபது கிலோமீட்டர் தாண்டிவிடலாம். பதினொன்றரைக்குத் திரும்பும் வழி. மதியம் குழந்தை தூங்கும் நேரத்தில் வீடு. அந்தக் கணக்கு இன்றும் எங்கள் வீட்டில் மாறவில்லை.

இனி இடங்கள். முதலில் நந்தி. எல்லோருக்கும் தெரிந்தது நந்தி மலை: நகரத்திலிருந்து அறுபது கிலோமீட்டர், 1,478 மீட்டர் உயரம், உச்சியில் திப்பு ட்ராப் என்ற செங்குத்துப் பாறை. 2021 ஜூலையில் தளர்வு வந்ததும் வார இறுதியில் பைக்கும் காருமாய் அங்கே குவிந்த கூட்டத்தைப் பார்த்து, சிக்கபள்ளாபூர் மாவட்ட நிர்வாகம் சனி, ஞாயிறு மேலே போகவே தடை போட்டது. அடுத்த மாதம், ஆகஸ்டு 24 இரவு, பெருமழையில் மண் சரிந்து மலைப்பாதை துண்டிக்கப்பட்டது. டிசம்பர் வாக்கில்தான் மறுபடி திறந்தார்கள்.

மலையடிவாரத்தில் நந்தி கிராமம் இருக்கிறது. அங்கே உள்ள போக நந்தீஸ்வரர் கோயிலைத்தான் நான் யார் கேட்டாலும் முதலில் சொல்வேன். மலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்காமலே ஏறி இறங்கிவிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி நுளம்பர், கங்கர், சோழர், ஹொய்சாளர், விஜயநகரத்தார் என்று ஆளாளுக்குச் சேர்த்துக் கட்டியது. கோயிலுக்குள் தெற்கே அருணாசலேஸ்வரர், வடக்கே போக நந்தீஸ்வரர், நடுவில் சின்னதாக உமா மகேஸ்வரர். அருணாசலேஸ்வரர் சிவனின் இளம்பருவம், போக நந்தீஸ்வரர் வாலிபம், மலை உச்சியில் இருக்கும் யோக நந்தீஸ்வரர் துறவு என்று ஐதீகம். துறவு நிலைக்கு அம்மன் சன்னதியும் கல்யாண உற்சவமும் கிடையாது என்பார்கள்.

திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்துக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் தடை இருந்தது நினைவிருக்கும். மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்த எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பெரிய குறை. நந்தியில் அருணாசலேஸ்வரர் என்ற பெயரைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். கிரிவலத்துக்கு ஈடு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பிராகாரத்தை மெல்ல ஒரு சுற்று சுற்றி உட்கார்ந்தார்கள், அது போதுமானதாக இருந்தது.

உமா மகேஸ்வரர் முன்னால் உள்ள கல்யாண மண்டபத்தில் கருங்கல் தூண்கள் நான்கு. அவற்றின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தெய்வ ஜோடிகள் பெரிதாக இருப்பதால் கண் அங்கேயே போகும். அவர்களைச் சுற்றி ஓடும் கொடியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பறவை. குழந்தைகளுக்கு இதைக் காட்டிவிட்டால் அரை மணி நேரம் கவலையில்லை. வெளிப் பிராகாரத்தைத் தாண்டினால் படிகள் இறங்கும் திருக்குளம், நான்கு பக்கமும் கல் மண்டபம். இடம் முழுக்கச் சமதளம்தான், ஆனால் வாசல் நிலைப்படிகள் உயரம்; மாமியாருக்கு ஒருவர் கைகொடுக்க வேண்டியிருக்கும். செருப்பில்லாமல் நடக்க வேண்டும், பத்தரை மணிக்கு மேல் கல் சுடும். பழைய காலுறை ஒரு ஜோடி எடுத்துப் போங்கள்.

இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில். அதனால் துறை மூடிய நாட்களில் இதுவும் மூடியது. 2021 ஏப்ரல் நடுவில் பூட்டி ஜூன் நடுவில் திறந்தார்கள். அப்போதெல்லாம் கிளம்பும் முன் செய்தியைப் பார்ப்பது கட்டாயம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நந்தி வட்டாரத்தில் இன்னொரு ஒட்டுறவும் உண்டு. தென்பெண்ணையும் பாலாறும் உற்பத்தியாவது இந்தச் சுற்றுப்புறத்தில்தான். வேலூரில் மணலாகக் கிடக்கும் பாலாற்றின் தலைப்பகுதி இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம். திரும்பும் வழியில் தேவனஹள்ளிக் கோட்டை. திப்பு பிறந்த ஊர். கோட்டைச் சுவரை ஒட்டிக் கால்மணி நேரம் நடந்தால் போதும். பருவத்தில் சாலையோரம் கருந்திராட்சை விற்பார்கள். அதை வாங்காமல் வராதீர்கள்.

அடுத்து, நகரத்துக்கு உள்ளேயே. வெகுதூரம் போகக்கூடாது என்றிருந்த வாரங்களில் எங்களைக் காப்பாற்றியவை கல்வெட்டுகள். பெங்களூரில் தமிழ்க் கல்வெட்டு இருப்பது இங்கே முப்பது வருடமாகக் குடியிருக்கும் தமிழர்களுக்கே தெரிவதில்லை. டோம்லூர் மேம்பாலத்தில் எத்தனை முறை போயிருப்பீர்கள்? அதற்குக் கிட்டத்திலேயே சொக்கப்பெருமாள் கோயில் இருக்கிறது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் ஊர்ப்பெயர் தொம்பலூர், இன்னொரு பெயர் தேசிமாணிக்கப் பட்டணம். கோலாரையும் பெங்களூரையும் சேர்த்த இந்தப் பகுதியை நிகரிலிச் சோழ மண்டலம் என்றே சோழர்கள் அழைத்தார்கள். அவர்கள் ஆட்சி போன பிறகும், ஹொய்சாள வீர ராமநாதன் காலத்திலும் இங்கே தமிழில்தான் கல்லில் வெட்டினார்கள். 1270 ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததைச் சொல்கிறது. அரசன் ஊரைக் கொடுத்தான் என்பதைவிட, ஒருவர் வாசலுக்கு இரண்டு கல் வாங்கித் தந்தார் என்பது எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

மடிவாளாவில் சில்க் போர்டு நெரிசலுக்குக் கூப்பிடு தூரத்தில் சோமேஸ்வரர் கோயில். வெளிச்சுவரில் தமிழும் கிரந்தமும். 1247 ஆம் ஆண்டுக் கல்வெட்டில், வேப்பூர்க்காரர் ஒருவர், அதாவது இன்றைய பேகூர்க்காரர், வெங்கலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைத் தானமாகக் கொடுத்திருக்கிறார். அந்தப் பேகூருக்கும் போகலாம். நாகேஸ்வரர் கோயிலும் அதையொட்டிய பெரிய ஏரியும் காலை வேளையில் நன்றாக இருக்கும். பெங்களூர்ச் சண்டை பற்றிச் சொல்லும், சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு அங்கே கிடைத்ததுதான்.

கல்வெட்டு பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நடுப்பகலில் போனால் வெறும் சுவர்தான் தெரியும். வெயில் சாய்வாக விழும் காலையில் போனால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வரி வரியாக எழும்பி வரும். வெயில் படாத சுவர் என்றால் போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். முதலில் ஒன்றும் புரியாது. தொடக்கத்தில் கிரந்தத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' இருக்கிறதா பாருங்கள், பிறகு க, த, ன, ம என்று தெரிந்த எழுத்துகளைத் தேடுங்கள். பத்து வயதுப் பிள்ளை நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிக்கும். சாக்பீஸ், விபூதி, மாவு எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள், கல் கெடும். முழு வாசகமும் வேண்டுமென்றால் கல்வெட்டு ஆய்வாளர் பி.எல். ரைஸ் 1905-லேயே பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறார், இணையத்தில் கிடைக்கிறது. பெருந்தொற்றுக்கு இது எப்படிப் பொருந்தியது என்றால், சன்னதிக்குள் நெருங்கி நிற்க வேண்டியதே இல்லை. எழுத்து வெளிச்சுவரிலும் வாசலிலும்தான். கோயில் திறந்திருந்தால் போதும்.

அல்சூர் ஏரியை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்த திருவள்ளுவர் சிலையைக் குழந்தைக்குக் காட்டிவிட்டு, பழைய சோமேஸ்வரர் கோயில் வரை நடந்தால் ஒரு காலைப்பொழுது போய்விடும். லால்பாக் 240 ஏக்கர். நுழைந்ததும் கண்ணாடி மாளிகைக்குப் போகாமல் நேரே பாறைக்குப் போங்கள். சுமார் 300 கோடி வருடப் பழமையான பாறை, மேலே கெம்பேகவுடர் கோபுரம், காலை ஆறரைக்குக் காற்று அள்ளிக்கொண்டு போகும். 2020, 2021 இரண்டு வருடமும் சுதந்திர தின மலர்க் கண்காட்சி நடக்கவில்லை. ஆகஸ்டு மாதத்தில் லால்பாக் அவ்வளவு அமைதியாக இருந்ததை அதற்கு முன்பும் பின்பும் நான் கண்டதில்லை. கப்பன் பார்க்கில் ஊரடங்கின்போது வண்டிகளை நிறுத்தினார்கள். நடு ரோட்டில் குழந்தைகள் சைக்கிள் பழகினார்கள். பிப்ரவரி, மார்ச்சில் ரோஜா நிற டபேபுயா பூக்கும்போது ஜெயநகர்த் தெருக்களே போதும், எங்கும் போக வேண்டாம். சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கைகொண்டரஹள்ளி ஏரி, வடக்கே இருப்பவர்களுக்கு ஜக்கூர் ஏரி. இரண்டிலும் நடைபாதை உண்டு, பறவைகள் உண்டு.

இனி கோலார். இதற்கு ஒரு முழுக் காலை வேண்டும், எழுபது கிலோமீட்டர். ஊருக்குள் கோலாரம்மா கோயில், சோழர் காலத்தது, இராஜேந்திரன் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. தேள் கடிக்காமல் காக்கும் செல்லம்மாவுக்கு அங்கே தனிச் சன்னதி. போகும் வழியெல்லாம் அந்த வருடங்களில் ஏரிகளில் தண்ணீர். பல வருடம் வறண்டு கிடந்த மாவட்டம் அது. 2018 ஜூன் முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து குழாய் வழியே கோலார் ஏரிகளுக்கு விடுகிறார்கள், கே.சி. (கோரமங்களா-சல்லகட்டா) வேலி திட்டம் என்று பெயர். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் இரண்டாம் நிலை வரை மட்டுமே சுத்திகரித்த நீர், குழந்தையை இறக்கி விளையாட விடாதீர்கள்.

கோலாரிலிருந்து பங்காருப்பேட்டை வழியாகக் கோலார் தங்கவயல், பெங்களூரிலிருந்து மொத்தம் நூறு கிலோமீட்டர். அங்கே போய் இறங்கினால் கடைக்காரர் தமிழில் விசாரிப்பார். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட குடும்பங்கள். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்கம், மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே போனது. 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள். அதன் பிறகு பெங்களூருக்கு ரயிலேறி வந்துதான் அந்த ஊர் பிழைத்தது. 2020 மார்ச் கடைசியில் ரயில் நின்றபோது அவர்கள் பட்ட பாட்டை நாம் மறக்கக் கூடாது. ஆகவே தங்கவயலைக் காட்சிப் பொருளாகப் பார்க்கப் போகாதீர்கள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் காய்கறி வாங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், யாராவது பெரியவர் பேச்சுக் கொடுத்தால் நின்று கேளுங்கள். சாம்பல் வெள்ளையில் மேடு மேடாகத் தெரிவது சயனைடு மண், அதாவது தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சுரங்கக் கழிவு. படம் எடுக்க அதன் மேல் ஏறுகிறார்கள். வேண்டவே வேண்டாம். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் ஊருக்குள் பறந்து வருவது அங்குள்ளவர்களுக்குத் தீராத தொல்லை. கைக்குழந்தையோடு பக்கத்தில் கூடப் போகாதீர்கள்.

பெங்களூரைச் சுற்றியுள்ள சாவனதுர்கா, ஸ்கந்தகிரி, சிவகங்கை மலையேற்றமெல்லாம் இளைஞர்களுக்கு. உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. மஞ்சனபெலே நீர்த்தேக்கத்தில் தண்ணீருக்குள் இறங்குவது யாருக்குமே ஆகாது. தொட்ட ஆலமரம் (கன்னடத்தில் 'தொட்ட' என்றால் பெரிய) போகலாம், மூன்று ஏக்கர் பரப்பில் ஒரே மரம், ஆனால் குரங்குத் தொல்லை. சாப்பாட்டை வண்டிக்குள்ளேயே முடித்துவிட வேண்டும்.

சாப்பாடு பற்றிச் சொல்கிறேன். 2020 ஜூன் 8 வரை ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பார்சல்தான். அதனால் கட்டுச்சோறு திரும்ப வந்தது. எலுமிச்சை சாதம், மோர்மிளகாய், பாலை ஊற்றித் தாளித்த தயிர்சாதம், ஃபிளாஸ்கில் காப்பி, குழந்தைக்கு வெந்நீர் தனியாக. இலையையும் டம்ளரையும் பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்தோம். 2020 ஏப்ரலில் பல கிராமங்கள் முள்ளை வெட்டிப் போட்டு ஊர் வாசலை அடைத்திருந்தன. நகரத்துக்காரர்கள் நோயைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. தளர்வு வந்த பிறகும் ஊருக்குள் போனால் மாஸ்க்கைக் கழற்றாமல் பேசினோம். நகரத்துக்குள் மாஸ்க் போடாதவர்களைப் பிடித்து அபராதம் போட மார்ஷல் நிற்பார். 2020 அக்டோபரில் அபராதத்தை ஆயிரம் ரூபாய் ஆக்கி, எதிர்ப்பு வந்ததும் 250-க்கு இறக்கினார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய பிரச்சினை கழிப்பறை. வீட்டுப் பெண்கள் வெளியே வரத் தயங்கியதற்கு நோயைவிட இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்வேன். சுற்றுலா இடங்களில் பூட்டிக் கிடந்தது, ஓட்டல்களில் உள்ளே விடவில்லை. நெடுஞ்சாலையில் பெரிய பெட்ரோல் பங்குகளில்தான் கிடைத்தது. போகும்போதே எந்த பங்கில் சுத்தமாக இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து அரை மணி நேரத் தூரத்துக்குள் இருக்கும் இடங்களையே தேர்ந்தெடுத்தோம். உங்கள் மாமியார் தண்ணீர் குடிக்காமல் வண்டியில் உட்கார்ந்து வருவதாக இருந்தால், அந்தப் பயணத்தையே திட்டமிடாதீர்கள்.

முதல் தடவைக்கு நந்தி கிராமம் போங்கள். வேலை நாளாக இருக்கட்டும், திங்கட்கிழமை வேண்டாம், சிவன் கோயில் என்பதால் கூட்டம் வரும். பிரதோஷம், சிவராத்திரி பக்கமும் தவிர்த்துவிடுங்கள். ஆறு மணிக்குள் ஹெப்பாளைத் தாண்டிவிட்டால் விமான நிலைய ரோட்டு நெரிசல் இருக்காது. குழந்தையின் தள்ளுவண்டி கல்தரையில் ஓடாது, தூளி போலக் கட்டிக்கொள்ளும் துணி எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கு மேலே போகும் ஆசையை அன்றைக்கு விட்டுவிட்டு, குளத்து மண்டபத்தில் மாமியாரை உட்காரவைத்து காப்பி கொடுங்கள்.